எட்டாவது வாரம் வரை

கர்ப்பம் உறுதியானதும் முதல் ஸ்கேனை எப்போது எடுப்பது என்பதற்கு எங்கள் வீட்டிலேயே மூன்று கருத்துகள் உண்டு. மூன்று மாதம் முடியும்வரை வயிற்றின் மேல் எந்தக் கருவியும் படக் கூடாது என்பது அத்தையின் கட்சி. கார்டில் இரண்டு கோடு விழுந்த அன்றே பார்த்துவிட வேண்டும் என்பார் என் கணவர். டாக்டர் எழுதிக் கொடுத்தால் எடுக்க வேண்டியதுதானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பார் அம்மா. மூவரும் என் மேல் உள்ள அக்கறையில்தான் பேசினார்கள். ஆனால் படத்தைப் பார்த்த பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறோம் என்று மூவருமே கேட்கவில்லை. போன மாதம் நாத்தனார் இதே விஷயமாக என்னிடம் கேட்டதிலிருந்து, இதை முழுவதுமாக எழுதி வைக்க வேண்டும் என்ற எண்ணம் விடாமல் துரத்துகிறது.

வாரக் கணக்கிலிருந்துதான் பல குழப்பங்கள் தொடங்குகின்றன. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாட்கள், அதாவது 40 வாரங்கள் என்பது மருத்துவர்களின் கணக்கு. அதில் முதல் இரண்டு வாரங்களில் கருவே கிடையாது. ஆகவே 'ஐந்து வாரக் கர்ப்பம்' என்றால், கரு உண்டாகி ஏறக்குறைய மூன்று வாரங்கள்தான் ஆகியிருக்கும். அதுவும் 28 நாள் சுழற்சி தவறாமல் வருகிறவர்களுக்கு மட்டும் பொருந்துகிற கணக்கு. எனக்கு நீர்க்கட்டி இருந்ததால் மாதவிலக்கு சில மாதங்களில் 35 நாளில் வரும், சில மாதங்களில் 40 நாளைத் தாண்டும். சினைமுட்டை எந்த நாளில் வெளிவந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. என் முதல் கர்ப்பத்தின்போது ஸ்கேன் மையத்தில் இருந்த எவரும் இதைக் கேட்கவில்லை. கடைசித் தேதியை மட்டும் கேட்டுக் கணினியில் தட்டினார்கள், ஐந்து வாரமும் சில நாட்களும் என்று அது சொன்னது.

அப்போது நாங்கள் திருப்பூரில் இருந்தோம். வலி இல்லை, ரத்தப்போக்கு இல்லை, லேசான மசக்கைதான். எல்லோரும் எடுக்கிறார்கள் என்று நாங்களும் போனோம். கூடத்தில் பெண்கள் தண்ணீர் பாட்டிலும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அதன் வழியே கருப்பை தெளிவாகத் தெரியும் என்பதை 1960களில் கண்டுகொண்டவர் கிளாஸ்கோ மருத்துவர் இயன் டொனால்டு. உலோகத்தில் விரிசல் தேடுவதற்காகத் தொழிற்சாலைகளில் வைத்திருந்த ஒலியலைக் கருவியை மனித உடலுக்குக் கொண்டுவந்து, 1958இல் தன் குழுவினருடன் முதல் கட்டுரையை வெளியிட்டவரும் அவர்தான். இன்று ஆரம்ப வாரங்களில் பெரும்பாலும் பிறப்புறுப்பு வழியாக உள்ளே வைத்துப் பார்க்கும் ஸ்கேன்தான். அதற்குச் சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும். எனக்கு முதலில் வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தார்கள், பிறகு எழுந்து போய் வரச் சொல்லி உள்ளே வைத்துப் பார்த்தார்கள். திரையை என் பக்கம் திருப்பவில்லை. கருவின் பை மட்டும் 11 மில்லிமீட்டர் அளவில் தெரிகிறது, உள்ளே ஒன்றும் இல்லை என்று அறிக்கை வந்தது. அதை எடுத்துக்கொண்டு போன இடத்தில், கரு வளரவில்லை, மாத்திரை போட்டுச் சுத்தம் செய்துவிடலாம், நாளைக்கே வாருங்கள் என்றார்கள். பேச்சு அவ்வளவில் முடிந்தது. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மறுநாள் நான் போகவில்லை. போக விடாமல் தடுத்தவர் அத்தை. "இன்றைக்குத் தெரியாதது நாளைக்குத் தெரியலாம். நாளைக்குக் கலைத்துவிட்டால் பிறகு எதைப் பார்ப்பது?" என்று கேட்டார். ஸ்கேனே கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர் கேட்ட அந்தக் கேள்விக்குப் பின்னால் பெரிய மருத்துவ விவாதமே இருக்கிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பை எந்த அளவுக்கு வளர்ந்தும் உள்ளே கரு தெரியாவிட்டால் கர்ப்பம் தங்கவில்லை என்று முடிவுகட்டலாம் என்பதற்கு முன்பெல்லாம் நாட்டுக்கு நாடு வெவ்வேறு அளவுகள் இருந்தன. 16 மில்லிமீட்டர் போதும் என்றார்கள் ஒருபுறம், 20 என்றார்கள் இன்னொருபுறம். 2011இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்களும் பிறரும் வெளியிட்ட ஆய்வுகள், இந்த அளவுகளை நம்பினால் உயிரோடு வளரும் சில கருக்களையும் போய்விட்டதாகச் சொல்லிவிடும் ஆபத்து உண்டு என்று காட்டின. அதன் பிறகு அளவுகள் உயர்த்தப்பட்டன. பை 25 மில்லிமீட்டரை எட்டியும் கரு இல்லை, அல்லது கரு 7 மில்லிமீட்டரை எட்டியும் துடிப்பு இல்லை என்றால்தான் ஒரே ஸ்கேனில் உறுதியாகச் சொல்லலாம். வெறும் பை மட்டும் தெரிந்தால் இரண்டு வாரம் கழித்தும், கருவுக்கு முதல் ஊட்டம் தரும் மஞ்சள்கருப் பையோடு தெரிந்தால் குறைந்தது 11 நாள் கழித்தும் மறுபடி பார்த்து, அப்போதும் துடிப்புள்ள கரு இல்லை என்றால்தான் முடிவு. நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் 2013இல் வெளியிட்ட வரையறை இது. என் பை 11 மில்லிமீட்டர். என்னை மறுநாளே வரச் சொன்னது எந்த வரையறைப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இதை எழுதும்போதும் கோபம்தான் வருகிறது.

இரண்டு வாரம் காத்திருந்தோம். பை கொஞ்சம் வளர்ந்திருந்தது, உள்ளே கரு இல்லை. வேறொரு மருத்துவர் பொறுமையாகத் திரையைக் காட்டி விளக்கினார். அந்தக் கர்ப்பம் தங்கவில்லை. காத்திருந்ததால் ஒன்றும் மாறவில்லையே என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அது மாற்றியது பெரிது. ஒரு கருவைச் சந்தேகத்தின்பேரில் கலைத்தோமா என்ற கேள்வியைச் சுமக்காமல் என்னால் வாழ முடிகிறது. தெரிந்த கர்ப்பங்களில் 100க்கு 10 முதல் 20 வரை இப்படிப் போய்விடுகின்றன, அவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம் குறைபாடு, பளு தூக்கியதும் பஸ்ஸில் போனதும் காரணம் இல்லை என்று அந்த மருத்துவர் சொன்னார். அந்த வார்த்தைகள் வீட்டில் எல்லோர் வாயையும் அடைத்தன.

சித்தி மகளுக்கு நடந்தது

இதோடு நின்றிருந்தால் ஆரம்ப ஸ்கேனே வேண்டாம் என்ற முடிவுக்கு நான் வந்திருப்பேன். ஆனால் அடுத்த ஆண்டு என் சித்தி மகளுக்குக் கரு கருக்குழாயில் தங்கியது. ஆறாவது வாரத்தில் அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, கொஞ்சம் கறுத்த ரத்தம். சூடு என்று நினைத்து இளநீரும் மோரும் கொடுத்தார்கள். அவளுடைய பக்கத்து வீட்டில் இருந்த செவிலியர்தான் அதட்டி ஆட்டோவில் ஏற்றினார். ஸ்கேனில் கருப்பை காலியாக இருந்தது, பக்கத்தில் குழாய் வீங்கித் தெரிந்தது. ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோன் அளவைப் பார்த்தார்கள். குழாய் வெடிக்கவில்லை என்பதால், கரு மேலும் வளராமல் நிறுத்தும் மெத்தோட்ரெக்சேட் ஊசியோடு போயிற்று. இன்னும் சில நாள் மோர் குடித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே உடம்பு நடுங்குகிறது. 100 கர்ப்பங்களில் ஒன்று இரண்டு இப்படிக் கருப்பைக்கு வெளியே தங்குகின்றன. குழாய் வெடித்தால் உள்ளேயே ரத்தம் கொட்டும். மயக்கம் வரும். தோள்பட்டை முனையில் வலி வரும். அதை வயிற்றோடு சேர்த்து யாரும் யோசிக்க மாட்டார்கள்.

ஆக, ஸ்கேன் என்னைத் தேவையில்லாத ஒரு பள்ளத்தின் ஓரத்தில் நிறுத்தியது, அவளைக் காப்பாற்றியது. இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்து வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இணையத்தில் தேடினால் பாதிப் பேர் என் கதையையும் மீதிப் பேர் அவள் கதையையும் சொன்னார்கள். இந்த நிலையில்தான் நான் மறுபடி கருவுற்றேன்.

அந்தக் கேள்வி

இரண்டாம் முறை நாங்கள் ஊரோடு வந்துவிட்டோம். பாளையங்கோட்டையில், அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண் மருத்துவரிடம் போனோம். உட்கார்ந்ததும், "ஸ்கேன் எடுக்க வேண்டுமா டாக்டர்?" என்று என் கணவர் கேட்டார். அவர் என் பக்கம் திரும்பி, "உனக்கு என்ன தெரிய வேண்டும் அம்மா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லத் திணறினேன். குழந்தை நன்றாக இருக்கிறதா என்று தெரிய வேண்டும் என்றேன். "அதை இன்றைக்கு எந்த மிஷினும் சொல்லாது" என்றார். வலி இருக்கிறதா, ரத்தம் பட்டதா, மயக்கம் வந்ததா, முன்பு குழாயில் கரு தங்கியதுண்டா, வயிற்றில் ஆபரேஷன் நடந்திருக்கிறதா, காப்பர் டி போட்டிருந்தாயா, குழந்தைக்காக ஊசி மருந்து எடுத்தாயா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். மாதவிலக்கு எத்தனை நாளுக்கு ஒரு முறை வரும் என்று கேட்டபோதுதான் பேனாவைக் கையில் எடுத்தார். சீட்டின் பின்புறத்தில் ஒரு கோடு போட்டு, 5, 6, 7, 8 என்று எழுதினார். ஐந்தாவது வாரத்தில் பை, ஐந்தரையில் அதனுள் மஞ்சள்கருப் பை, ஆறில் கருவும் துடிப்பும் என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி வைத்தார். "உன் தேதிப்படி இன்று ஆறு வாரம். உன் உடம்புப்படி நாலரையாகவும் இருக்கலாம், ஆறாகவும் இருக்கலாம். இன்று பார்த்தால் பை மட்டும் தெரியும், அல்லது ஒன்றுமே தெரியாது. இரண்டுக்கும் நான் சொல்லப்போவது ஒன்றுதான். இரண்டு வாரம் கழித்துத் திரும்ப வா என்பேன். அந்த இரண்டு வாரமும் நீ தூங்க மாட்டாய்."

எனக்கு உடனே சித்தி மகள் நினைவு வந்தது. அவளைப் பற்றிச் சொல்லி, எனக்கும் அப்படி இருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். அவர் என் பயத்தைத் தள்ளிவிடவில்லை. அது அக்கா தங்கைக்குள் தொடர்ந்து வருகிற நோய் இல்லை, ஆனால் வலியே இல்லாமலும் குழாயில் வளரலாம், அதை நான் மறைக்க மாட்டேன் என்றார். அதனால்தான் மூன்று மாதம்வரை தள்ளிப்போடச் சொல்லவில்லை, எட்டுக்கு அருகில் கட்டாயம் பார்த்துவிட வேண்டும் என்றார். அதே சீட்டில், ஒரு பக்க வயிற்று வலி, ரத்தம், மயக்கம், தோள்பட்டை வலி என்று எழுதி அடிக்கோடிட்டார். "இதில் ஏதாவது ஒன்று வந்தால் என்னைக் கேட்காதே, மாமியாரைக் கேட்காதே, நடுராத்திரியானாலும் கிளம்பி வா. அப்போது ஸ்கேன் எடுக்கலாமா என்ற பேச்சே கிடையாது" என்றார். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

வருடக்கணக்காக என்னை அலைக்கழித்த விஷயம் அந்தச் சில நிமிடங்களில் தெளிந்தது. சித்தி மகளுக்கு எடுத்த ஸ்கேனுக்கு ஒரு வேலை இருந்தது. அதன் விடை எதுவானாலும் அன்று மாலைக்குள் ஒரு சிகிச்சை தொடங்கியிருக்கும், அல்லது அவள் நிம்மதியாக வீடு திரும்பியிருப்பாள். எனக்குத் திருப்பூரில் எடுத்த ஸ்கேனுக்கு எந்த வேலையும் இல்லை. எந்த விடை வந்தாலும் காத்திருப்பதுதான் அடுத்த அடி. அப்படியிருக்க, விடை தெரியாத ஒரு படத்தைக் கையில் கொடுத்துவிட்டு, அதற்கு ஒரு முடிவையும் அவசரமாகக் கேட்டார்கள். தொழில்நுட்பத்தின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அது எந்த நாளில் எதைக் காட்ட முடியும் என்பதை ஸ்கேனுக்கு வரும் பெண்ணிடம் முன்கூட்டியே சொல்லாததுதான் குறை. அறிக்கையை நீட்டுகிறவர் "இது சீக்கிரம், இதற்கு இன்னும் அர்த்தம் கிடையாது" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் எங்கள் வீட்டில் யாரும் அழுதிருக்க மாட்டார்கள்.

வீட்டில் பேசியது

அத்தையிடம் எட்டாவது வாரக் கணக்கைச் சொன்னபோது, அவருடைய பயம் வேறு என்று தெரிந்தது. ஒலியலை பட்டால் கரு சுட்டுவிடும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். ஸ்கேனில் எக்ஸ்ரே கதிர் இல்லை, ஒலிதான் என்று விளக்கினேன். அவர் பயத்தில் சிறு நியாயமும் இருக்கிறது. ஒலியலை திசுவை லேசாகச் சூடாக்கும், துடிப்பைச் சத்தமாகக் கேட்க வைக்கும் டாப்ளர் முறையில் அது இன்னும் அதிகம். அதனால்தான் ஆரம்ப வாரங்களில் துடிப்பைக் காதால் கேட்பதற்காக டாப்ளரைப் போட வேண்டாம், திரையில் அலைக்கோடாக அளந்தால் போதும் என்று மருத்துவ அமைப்புகள் பரிந்துரைக்கின்றன. ஆசைக்காக 'சத்தம் கேட்க வையுங்கள்' என்று நாமாகக் கேட்க வேண்டியதில்லை. துடிப்பு இருக்கிறதா, நிமிடத்துக்கு எத்தனை என்பது எழுத்தில் வந்தால் போதும்.

இன்னொரு பயத்தை அத்தை வாய்விட்டுச் சொல்லவில்லை, எனக்குத்தான் புரிந்தது. அவர் வளர்ந்த காலத்தில் ஸ்கேன் என்ற சொல்லோடு வேறு நோக்கங்களும் சேர்ந்தே வந்தன. பெண் சிசுக்கள் பிறந்த பிறகும் பிழைக்காத ஊர்கள் நம் மாநிலத்தில் இருந்தன. 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டிய நிலைமை இருந்தது. 1994இல் வந்த சட்டம்தான் கருவின் பாலினத்தைச் சொல்வதைக் குற்றமாக்கியது. ஒவ்வொரு ஸ்கேன் மையத்திலும் தொங்கும் பலகையும், பாலினம் அறிய விரும்பவில்லை என்று நாம் கையெழுத்துப் போடும் படிவமும் அங்கிருந்து வந்தவை. எட்டாவது வார ஸ்கேனில் பாலினம் யாருக்கும் தெரியவே தெரியாது, ஆணுக்கும் பெண்ணுக்கும் திரையில் வேறுபாடே இருக்காது என்று சொன்னதும் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். நானும் கூட வருகிறேன் என்றார்.

கணவரைச் சமாளிப்பதுதான் கடினமாக இருந்தது. அவருக்குப் பயம் வந்தால் ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டும். அவருக்கு ஒரு வேலை கொடுத்தேன். கிராம சுகாதார செவிலியரைப் பார்த்துக் கர்ப்பத்தைப் பதிவு செய்வது, பிக்மி எண் வாங்குவது. அரசு உதவிக்கும் பிறகு பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேண்டியிருக்கும், 12 வாரத்துக்குள் பதிந்துவிட வேண்டும். அந்தச் செவிலியர் வீடு தேடி வந்து ரத்த அழுத்தம் பார்த்தார், எடை குறித்தார், என் உடல்நலம் பற்றி ஸ்கேன் மையத்தில் எவரும் கேட்காத கேள்விகளைக் கேட்டார். கர்ப்ப காலக் கவனிப்பு என்பது படம் எடுப்பது மட்டும்தான் என்று நகரத்தில் எங்களுக்கு ஒரு நினைப்பு உண்டாகியிருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டுப் பரிந்துரை, 24 வாரத்துக்கு முன் ஒரு ஸ்கேன் என்றுதான் சொல்கிறது. நம் ஊரில் மூன்று மாதத்துக்குள்ளேயே மூன்று படம் எடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஒரு முறைகூட ரத்த அழுத்தம் பார்க்காமல்.

தேதி

எட்டு வாரம் தாண்டிய பிறகுதான் போனேன், என் உடம்பின் தாமதத்தையும் கணக்கில் வைத்து. பயம் இல்லாமல் போகவில்லை. படுக்கையில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கரு ஒன்று, கருப்பைக்குள் இருக்கிறது, துடிப்பு இருக்கிறது. நீளம் 14 மில்லிமீட்டர், ஏழரை வாரத்துக்கு மேல் என்று அறிக்கை சொன்னது. என் மாதவிலக்குத் தேதிக்கும் இதற்கும் ஒரு வாரத்துக்கு மேல் வித்தியாசம். மருத்துவர் அறிக்கையைப் பார்த்துவிட்டு, பிரசவத் தேதியைச் சிவப்பு மையால் திருத்தி எழுதினார். முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த அளவுதான் வயதைச் சரியாகச் சொல்லும், போகப்போகக் குழந்தைகள் ஆளுக்கொரு வேகத்தில் வளரும், அதனால் இந்தத் தேதியை இனி யாரும் மாற்ற விடாதே என்றார். அடுத்து 11 முதல் 14 வாரத்துக்குள் கருவின் கழுத்துப் பின்புற நீர் அளவைப் பார்க்கும் ஸ்கேன். அதற்கும் வயது சரியாகத் தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் சீக்கிரம் போய்த் திரும்பி வர வேண்டியிருக்கும்.

திருத்திய தேதியின் மதிப்பு கர்ப்பத்தின் கடைசி மாதத்தில்தான் எனக்குப் புரிந்தது. என் மருத்துவர் வெளியூர் போயிருந்த நேரத்தில் பார்த்த வேறொரு மருத்துவர், பழைய தேதியைக் கணக்குப் போட்டு, நாள் கடந்துவிட்டது, வலி வர மருந்து வைக்கலாம் என்று அட்மிஷன் எழுதினார். கோப்பிலிருந்து எட்டாவது வார அறிக்கையை எடுத்துக் காட்டினோம். அவரும் உடனே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்து, இன்னும் நாள் இருக்கிறது, குழந்தையின் அசைவு நன்றாக இருக்கும்வரை காத்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். அசைவை எண்ணச் சொல்லி அனுப்பினார். வலி அதுவாகவே வந்தது, மகள் பிறந்தாள்.

நாத்தனாருக்கு இதையெல்லாம் போனில் சொன்னேன். கர்ப்பத்துக்கு முன் அவளுக்கு மாதவிலக்கு தவறாமல் வந்துகொண்டிருந்தது, இப்போது வலி எதுவும் இல்லை. அந்தச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். அடிக்கோடிட்ட நான்கையும் அவள் கணவரிடம் படித்துக் காட்டச் சொன்னேன். எட்டாவது வாரத்துக்கு அவள் ஊரிலேயே ஒரு மருத்துவரிடம் நாள் குறித்திருக்கிறாள். மாதவிலக்கு எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று அவர்கள் கேட்காவிட்டால் இவளே சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன்.